பாதிக்குச் சம்மதம், மீதிக்குக் கணக்கு!

நம் இயக்கக் கூட்டங்களில் கம்பு, கேழ்வரகு, நாட்டு மாடு என்று பேச்சு போய்க்கொண்டே இருக்கும். திடீரென்று யாராவது எழுந்து ஒரு கேள்வி கேட்பார்கள்: "சார், இந்தக் காத்தாடி நல்லதுங்களா, கெட்டதுங்களா?"

உடனே கூட்டம் இரண்டாகப் பிரிந்துவிடும். நிலக்கரி புகை இல்லை, சாம்பல் இல்லை, அதனால் நல்லது என்பது ஒரு கட்சி. மேகத்தைக் கலைச்சிடுது, மழையைத் துரத்திடுது, பாதை போடறேன்னு ஓடையை மூடிடறாங்க என்பது இன்னொரு கட்சி. மழைக்கும் காத்தாடிக்கும் முடிச்சுப் போடுவதை நான் ஏற்பதில்லை. மழை மேகம் நிற்பது கிலோமீட்டர் கணக்கான உயரத்தில்; காத்தாடி நிற்பது சில நூறு அடி உயரத்தில். ஆனால் ஓடையை மூடியதை என் கண்ணால் பார்த்தேன். எங்கள் தோட்டத்துக்கு மேற்கே ராட்சதக் கிரேன் வருவதற்காக மண் கொட்டிப் பாதை போட்டார்கள். அடியில் ஒரு குழாய்கூடப் பதிக்கவில்லை. அடுத்த மழையில் தண்ணீர் குளத்துக்குப் போகவில்லை, பக்கத்துக் காட்டுச் சோளத்துக்குள் போனது. கம்பெனி பெயர் இங்கே வேண்டாம். எந்தக் கம்பெனியாக இருந்தாலும் கேட்க ஆள் இல்லாவிட்டால் இதுதான் நடக்கும்.

ஆக, நல்லதா கெட்டதா என்று பட்டிமன்றம் நடத்துவதால் ஒன்றும் ஆகப்போவதில்லை. எந்த இடத்தில், எத்தனை, யார் போட்ட நிபந்தனையில் என்று கேட்க வேண்டும். இப்படிக் கேட்டு, உலகத்திலேயே பெரிய கடல் காற்றாலை ஒன்றுக்குப் பாதி வரை சம்மதம் கொடுத்து, மீதிக்குக் கணக்குக் கேட்டது ஒரு பறவைச் சங்கம். இங்கிலாந்தில் நடந்த கதை. வங்கி வேலையில் திட்ட அறிக்கைகளைப் படித்துப் படித்துப் பழகியவன் நான். ஓய்வுக்குப் பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. அப்படிப் படித்ததில் மனதில் நின்ற கதை இது. நம் கடலுக்கும் காற்றாலை வரப்போகிறது என்பதால் இப்போதே சொல்லிவிடுவது நல்லது.

தேம்ஸ் நதி கடலில் கலக்கும் இடம்

லண்டன் நகரத்தின் நடுவே ஓடும் தேம்ஸ் நதி கிழக்கே போய்க் கடலில் கலக்கிறது. அந்தக் கழிமுகத்தின் வெளிப்பகுதியில், கென்ட், எசெக்ஸ் மாவட்டங்களின் கரையிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர் தள்ளி, தண்ணீருக்கு அடியில் நீள நீளமான மணல் திட்டுகள் இருக்கின்றன. ஆழம் குறைவு, காற்று அதிகம், பக்கத்திலேயே மின்சாரம் தேவைப்படும் மாநகரம். காற்றாலைக்கு இதைவிட வசதியான இடம் கிடைக்காது.

'லண்டன் அரே' என்று பெயர் வைத்தார்கள். மொத்தத் திட்டம் 1,000 மெகாவாட். அதிகபட்சம் 341 காற்றாலைகள். அந்த நாட்டில் கடலடி நிலம் 'கிரவுன் எஸ்டேட்' என்ற அமைப்பின் கையில் இருக்கிறது. அவர்களோடு 2003இல் 50 ஆண்டு குத்தகைக்கு ஒப்பந்தம் போட்டார்கள். 2005இல் அரசிடம் அனுமதி கேட்டு விண்ணப்பித்தார்கள். இதுவரைக்கும் எல்லாப் பெரிய திட்டத்துக்கும் உள்ள கதைதான்.

திருப்பம் எங்கே வந்தது என்றால், ஒரு பறவையால்.

யாரும் எண்ணிப் பார்க்காத பறவை

அந்தப் பறவையை ஆங்கிலத்தில் சிவப்புத் தொண்டை டைவர் என்கிறார்கள். நம் குளத்தில் முக்குளிப்பான் பார்த்திருப்பீர்கள். தண்ணீருக்குள் முங்கி இன்னொரு இடத்தில் எழுந்திருக்கும். அதே மாதிரி முங்கி மீன் பிடிக்கிற பறவை இது. ஆனால் வாத்து அளவுக்குப் பெரியது. கோடையில் வடக்கே குளிர்ந்த ஏரிக்கரைகளில் முட்டையிடும். அப்போது தொண்டை செங்கல் நிறத்தில் இருக்கும். குளிர்காலத்தில் தெற்கே இறங்கி வந்து, ஆழமில்லாத கடலில் மீன் தின்று காலம் கழிக்கும்.

ரொம்பக் கூச்சமான பறவை. ஒரு கப்பல் தூரத்தில் வந்தாலே எழுந்து பறந்துவிடும். அதனால் படகில் போய் இதை எண்ண முடியாது. நாடு முழுக்கக் குளிர்காலத்தில் 5,000க்கும் குறைவாகத்தான் வருகின்றன என்றுதான் வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

கடலில் காற்றாலை போட வேண்டும் என்ற பேச்சு வந்த பிறகுதான், 2000களின் தொடக்கத்தில் விமானத்தில் பறந்து வரிசை வரிசையாக எண்ணினார்கள். கணக்கு தலைகீழாக மாறியது. நாடு முழுக்க சுமார் 17,000 பறவைகள். தேம்ஸ் வெளிக்கழிமுகத்தில் மட்டும் 6,400க்கு மேல். அதாவது, நாடு முழுக்க இவ்வளவுதான் என்று நினைத்த எண்ணிக்கையைவிட அதிகமாக அந்த ஒரே கழிமுகத்தில் இருந்திருக்கின்றன! காற்றாலைக்காக எண்ணப் போனதில்தான் அந்தப் பறவையின் முக்கியமான குளிர்கால வீடே அதுதான் என்று தெரிந்தது. பின்னால் 2010இல் அந்தக் கழிமுகத்தைப் பறவைகளுக்கான சிறப்புப் பாதுகாப்புப் பகுதியாகவே அறிவித்தார்கள்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். காற்றாலை என்றாலே இறக்கையில் அடிபட்டுச் சாகும் பறவைகள்தான் நமக்கு ஞாபகம் வரும். இந்தப் பறவைக்கு அந்த ஆபத்து குறைவு. இதன் பிரச்சினை வேறு: சுழலும் காத்தாடியைக் கண்டால் அந்தப் பக்கமே வராது. மேய்ச்சல் நிலத்துக்கு நடுவே வேலி போட்டால் ஆடு செத்துப்போகாது. ஆனால் மேய இடம் இருக்காது இல்லையா? அந்த மாதிரி. செத்த பறவையைக் கரையில் பொறுக்கி எண்ணலாம். வராமல் போன பறவையை எப்படி எண்ணுவது? முன்னால் எத்தனை இருந்தது என்று கணக்கு இருந்தால்தான் முடியும்.

பறவைச் சங்கம் ஏன் ஆதரித்தது?

ஆர்.எஸ்.பி.பி. என்பது இங்கிலாந்தின் அரச பறவைகள் பாதுகாப்புச் சங்கம். 1889இல் சில பெண்கள் சேர்ந்து ஆரம்பித்தது. சீமாட்டிகளின் தொப்பியில் செருக இறகுக்காகப் பறவைகளைக் கொன்று குவித்த காலம் அது. அதை எதிர்த்துக் கிளம்பிய சங்கம் இன்றைக்குப் பத்து லட்சத்துக்கு மேல் உறுப்பினர்களோடு நிற்கிறது. அங்கே அரசாங்கம் இவர்கள் பேச்சைக் காதில் வாங்கித்தான் ஆக வேண்டும்.

லண்டன் அரே திட்டத்தை முதலில் இந்தச் சங்கம் எதிர்த்தது. அதே சமயம் அவர்களுக்கு இன்னொரு கவலையும் இருந்தது. பூமி சூடாகிக்கொண்டே போனால் வடக்கே முட்டையிடும் இடமும், கடலில் மீனும், எல்லாமே கை நழுவிப் போகும். பருவநிலை மாற்றம்தான் பறவைகளுக்கு நீண்டகாலத்தில் பெரிய ஆபத்து என்று அவர்களே சொல்லிக்கொண்டிருந்தார்கள். நிலக்கரியும் வேண்டாம், காற்றாலையும் வேண்டாம் என்றால் யாரும் கேட்கப்போவதில்லை. காற்றாலை என்பதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டால் 6,400 பறவைக்கு யார் பதில் சொல்வது?

அதனால் உட்கார்ந்து பேசினார்கள். பேசி முடித்ததில் சாரம் இரண்டுதான்.

ஒன்று, முதல் கட்டத்தைச் சுருக்கிக் கட்டுவது. 341 என்று கேட்ட இடத்தில் முதலில் 175 மட்டும்.

இரண்டு, மீதியைக் கட்ட வேண்டுமானால் முதல் கட்டத்தைக் கட்டிய பிறகு பறவைகளை எண்ணிப் பார்க்க வேண்டும். டைவர் பறவைகளுக்குக் கேடு இல்லை என்று அரசு திருப்தி அடைந்தால்தான் இரண்டாம் கட்டம். இல்லையென்றால் கிடையாது.

இந்த நிபந்தனை வெறும் பேச்சாக நிற்கவில்லை. 2006 டிசம்பரில் அரசு கொடுத்த அனுமதியிலேயே ஏறியது. பறவைச் சங்கம் எதிர்ப்பை விலக்கிக்கொண்டது. 'பிரண்ட்ஸ் ஆஃப் தி எர்த்' போன்ற சூழல் அமைப்புகளும் திட்டத்தை வரவேற்றன.

இதைப் படித்ததும் எனக்கு என் பழைய மேசைதான் ஞாபகம் வந்தது. ஒருவர் கோழிப் பண்ணைக்குக் கடன் கேட்டு வருவார். மொத்தத் தொகைக்கும் சாங்ஷன் கடிதம் கொடுப்போம், ஆனால் மொத்தப் பணத்தையும் ஒரே நாளில் கையில் கொடுக்க மாட்டோம். முதல் தவணை கொட்டகைக்கு. கொட்டகை எழும்பியதா என்று நேரில் போய்ப் பார்த்துவிட்டு இரண்டாம் தவணை. "என்னை நம்பலைங்களா சார்?" என்று சிலர் கோபித்துக்கொள்வார்கள். நம்பிக்கை இல்லாவிட்டால் முதல் தவணையே கொடுத்திருக்க மாட்டோமே! ஆளை நம்பிக் கடன் கொடுப்பது, வேலையைப் பார்த்துத் தவணை விடுவிப்பது, இரண்டும் ஒன்றாகப் போக வேண்டியவை. பறவைச் சங்கம் செய்தது அச்சு அசலாக இதுதான். பணத்துக்குப் பதில் கடல்.

ஊர்க்காரர்கள் கேட்ட கேள்வி

கடலில் காற்றாலை என்றாலும் மின்சாரம் கரைக்குத்தானே வர வேண்டும். 50 கிலோமீட்டருக்கு மேல் கடலடியில் கேபிள் இழுத்து, கென்ட் கரையில் கிரேவ்னி என்ற சிற்றூருக்குப் பக்கத்தில் கிளீவ் ஹில் என்ற இடத்தில் துணைமின் நிலையம் கட்டத் திட்டம். ஆடு மாடு மேயும் சதுப்புப் புல்வெளி அது. குறுகலான கிராமத்துச் சாலையில் எத்தனை லாரி வரும், எத்தனை வருஷம் வரும் என்று ஊர்க்காரர்கள் கேட்டார்கள். உள்ளூர் மன்றமான ஸ்வேல், 2006இல் அனுமதி மறுத்துவிட்டது. கடலில் உலகப் பெரிய திட்டம், கரையில் ஒரு சின்ன மன்றம் தடுத்து நிறுத்திவிட்டது! பொது விசாரணை நடந்து, 2007இல்தான் அனுமதி கிடைத்தது.

நம் ஊர் ஆட்களுக்கு இதில் ஒரு பாடம் உண்டு. இயற்கைக் காப்பு அமைப்பு பறவைக்காகப் பேசும், மீனுக்காகப் பேசும். ஊர்ச் சாலைக்கும் ஓடைக்கும் மேய்ச்சல் நிலத்துக்கும் அது பேசும் என்று எதிர்பார்த்துச் சும்மா இருக்கக் கூடாது. அதை ஊர்க்காரர்கள்தான் பேச வேண்டும்.

இன்னொரு பாடமும் உண்டு. துணைமின் நிலையம் ஒன்று வந்துவிட்டால் அதோடு நிற்காது. மின்தொகுப்பில் இணைக்கும் வசதி ரெடியாக இருப்பதால் அடுத்த திட்டம் அதைத் தேடி வரும். அதே கிளீவ் ஹில்லில், அதே துணைமின் நிலையத்தை நம்பி, 350 மெகாவாட்டுக்கு மேல் சூரிய மின் பூங்கா ஒன்று வந்தது. ஊர்க்காரர்களும் சில இயற்கைக் காப்பு அமைப்புகளும் எதிர்த்தும் 2020இல் அனுமதி கிடைத்துவிட்டது. முதல் திட்டத்துக்குச் சரி சொல்லும்போதே, "இதுக்குப் பின்னால என்ன வரும்?" என்றும் கேட்டு வைக்க வேண்டும்.

கட்டினார்கள், எண்ணினார்கள், நிறுத்தினார்கள்

நடுவில் 2008இல் பங்குதாரரான ஷெல் கம்பெனி விலகிக்கொண்டது. அபுதாபியின் மஸ்தார் உள்ளே வந்தது. டென்மார்க்கின் டோங் எனர்ஜி, ஜெர்மனியின் இ.ஆன், மஸ்தார் மூன்றும் சேர்ந்து கட்டின. 2011 மார்ச்சில் கடலில் வேலை ஆரம்பித்தது. 175 காற்றாலை, ஒவ்வொன்றும் 3.6 மெகாவாட், மொத்தம் 630 மெகாவாட். சுமார் 100 சதுர கிலோமீட்டர் கடல் பரப்பு. 2013 ஜூலையில் பிரதமர் டேவிட் கேமரூன் திறந்து வைத்தார். அன்றைக்கு உலகத்திலேயே பெரிய கடல் காற்றாலை அதுதான். 2018 வரைக்கும் அந்தப் பட்டம் அதனிடம்தான் இருந்தது.

இனி இரண்டாம் தவணை. முதலில் 370 மெகாவாட் என்று இருந்ததை 240 ஆகச் சுருக்கிக்கொண்டு வந்தார்கள். ஆனால் 2014 பிப்ரவரியில் கம்பெனியே கையை விரித்துவிட்டது. இரண்டாம் கட்டம் வேண்டாம், அந்தக் குத்தகைப் பகுதியையும் திருப்பித் தருகிறோம் என்றது. பறவைக் கணக்கு முடிந்து கேடு இல்லை என்று காட்ட 2017 ஜனவரி வரைக்கும் காத்திருக்க வேண்டும். அப்போதும் அனுமதி நிச்சயமில்லை என்பது ஒரு காரணம்.

"ஒரு பறவை ஒரு காற்றாலையை நிறுத்திவிட்டது" என்று பத்திரிகைகள் எழுதின. அது பாதி உண்மைதான். மீதி இடத்தில் தண்ணீர் ரொம்ப ஆழம் குறைவு, கேபிள் நீளம் அதிகம், தொழில்நுட்பச் சிக்கல் உண்டு. இதையும் கம்பெனி சொல்லியிருந்தது. அதே பங்குதாரர்களுக்கு வேறு இடங்களிலும் திட்டங்கள் இருந்தன. பணத்தை அங்கே போடுவது லாபம் என்று கணக்குப் போட்டார்கள். வங்கிக்காரனாக நான் இதைத் தப்பு சொல்ல மாட்டேன். நல்ல நிபந்தனை என்பது, மோசமான இடத்தில் பணம் போடுவதிலிருந்து போடுகிறவரையும் காப்பாற்றும்.

இதில் பறவைக்கு என்ன லாபம்? முதல் கட்டத்தால் டைவருக்குப் பாதிப்பே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. ஜெர்மனியின் வடகடல் பகுதியில் பின்னால் நடந்த ஆய்வுகளில், காற்றாலைகளைச் சுற்றிப் பத்து கிலோமீட்டருக்கு அப்பாலும் இந்தப் பறவைகள் குறைந்துபோனது தெரியவந்தது. இவ்வளவு தூரத்துக்குப் பாதிப்பு இருக்கும் என்று 2006இல் மேசையில் உட்கார்ந்தவர்கள் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். அதனால்தான் தவணை முறையின் அருமை புரிகிறது. தெரியாத ஒன்றுக்கு மொத்தமாகச் சம்மதம் கொடுத்திருந்தால் 341 காத்தாடியும் நின்றிருக்கும், பிடுங்க முடியாது. பாதியோடு நிறுத்தியதால் மீதிக் கடல் பறவைக்கே இருக்கிறது. 630 மெகாவாட் மின்சாரமும் லண்டன் பக்கம் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

மேசையில் உட்காராத இடங்கள்

இப்படிப் பேசாத இடத்தில் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. நார்வே நாட்டில் ஸ்மோலா என்ற தீவு. வெள்ளை வால் கடற்கழுகுகள் நெருக்கமாகக் கூடு கட்டும் இடம். வேண்டாம் என்று பறவை ஆர்வலர்கள் சொல்லியும் 2002, 2005 என்று இரண்டு கட்டமாக 68 காற்றாலை போட்டார்கள். கழுகுகள் இறக்கையில் அடிபட்டுச் செத்து விழுந்தன. நாலு காற்றாலைகளில் மூன்று இறக்கையில் ஒன்றுக்கு மட்டும் கறுப்பு வண்ணம் பூசிப் பார்த்தார்கள். அங்கே பறவைச் சாவு 70 சதவீத அளவுக்குக் குறைந்ததாக 2020இல் ஆய்வு வந்தது. நல்ல யோசனைதான். ஆனால் இடத்தைத் தேர்வு செய்யும்போதே கேட்டிருந்தால் அத்தனை கழுகுகள் போயிருக்காது.

நம் நாட்டிலேயே ராஜஸ்தானில் கானமயிலின் கதை இருக்கிறது. நூற்றைம்பதுக்கும் குறைவாக மிஞ்சி நிற்கும் பறவை. எடை அதிகம், முன்னால் இருக்கும் கம்பி கண்ணுக்குத் தெரியாது; சூரிய, காற்றாலை மின்சாரம் கொண்டுபோகும் மின்கம்பிகளில் மோதிச் சாகிறது. வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. 2021 ஏப்ரலில், பெரும் பரப்பில் கம்பிகளை மண்ணுக்கடியில் புதைக்கச் சொன்னது நீதிமன்றம். நடைமுறையில் முடியாது என்று அரசு போய் நின்றதால் 2024 மார்ச்சில் அந்த உத்தரவைத் தளர்த்தி நிபுணர் குழு போட்டது. கம்பெனிக்கும் நிம்மதி இல்லை, கானமயிலுக்கும் நிம்மதி இல்லை. கம்பம் நடும் முன்பே பேசியிருந்தால் இத்தனை வருஷம் கோர்ட்டில் போயிருக்குமா?

நம் கடலுக்கு வரும்போது

இதெல்லாம் எங்கேயோ நடக்கும் விஷயம் என்று நினைக்காதீர்கள். 2024 ஜூனில் மத்திய அமைச்சரவை கடல் காற்றாலைக்கு 7,453 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. குஜராத் கடலில் 500 மெகாவாட், தமிழ்நாட்டுக் கடலில் 500 மெகாவாட். நம் பக்கம் பார்த்து வைத்திருக்கும் இடங்கள் மன்னார் வளைகுடாவை ஒட்டியவை. 1986இல் அங்கே 21 தீவுகளைச் சேர்த்துக் கடல் தேசியப் பூங்கா அறிவித்தார்கள். பவளப் பாறை, கடற்புல், கடற்பசு, ஆமை எல்லாம் இருக்கும் கடல். வலை வீசிப் பிழைக்கும் மீனவர் குடும்பங்களும் அந்தக் கரையில்தான் இருக்கின்றன.

நிலத்தில் நிலைமை இன்னும் கொஞ்சம் கவனிக்க வேண்டியது. தமிழ்நாட்டில் நிலத்தில் மட்டும் 10,000 மெகாவாட்டுக்கு மேல் காற்றாலை நிற்கிறது. ஆனால் 2006ஆம் ஆண்டின் சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் பட்டியலில் காற்றாலை இல்லவே இல்லை. அதாவது, அனல் மின் நிலையத்துக்கு நடப்பது போல ஊரைக் கூட்டி கருத்துக் கேட்க வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. புகை இல்லாத தொழில் என்ற நல்ல பெயரே அதற்கு விலக்கு வாங்கிக் கொடுத்துவிட்டது. சட்டம் கேட்காத கேள்வியை நாம்தான் கேட்க வேண்டும்.

புரோக்கர் வந்து நிலத்துக்கு விலை பேசும்போதோ, கிராம சபையில் இந்தப் பேச்சு வரும்போதோ கேட்க வேண்டியவை என்று நான் குறித்து வைத்திருப்பவை இவை:

1. மொத்தம் எத்தனை காத்தாடி? முதலில் எத்தனை? முதல் கட்டம் முடிந்து என்ன பார்த்த பிறகு அடுத்த கட்டம்?

2. பாதை எந்த ஓடையை, எந்த வாய்க்காலைக் கடக்கிறது? எந்த அளவுக்குக் குழாய் அல்லது பாலம் வைப்பீர்கள்? இதை வரைபடத்தில் காட்டிக் கையெழுத்துப் போடுங்கள்.

3. மின்கம்பி எந்த வழியாகப் போகிறது? குளத்துக்கு மேலே, பறவை அடையும் மரங்களுக்குப் பக்கத்தில் போகிறதா?

4. துணைமின் நிலையம் எங்கே? அதை நம்பி அடுத்து என்ன வரப்போகிறது?

5. ஆயுள் முடிந்த பிறகு இறக்கையையும் கான்கிரீட்டையும் யார் அகற்றுவது? அதற்கான பணம் எங்கே இருக்கிறது? இங்கிலாந்தில் கடல் காற்றாலையை அகற்றும் திட்டத்தையும் செலவுக்கான வழியையும் முன்கூட்டியே காட்டச் சொல்ல 2004ஆம் ஆண்டின் எரிசக்திச் சட்டத்தில் இடம் இருக்கிறது. ஜாமீன் இல்லாமல் வங்கி கடன் கொடுக்குமா? அந்த மாதிரிதான் இதுவும்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. லண்டன் அரே கதையில் பறவைச் சங்கத்தின் பேச்சு எடுபட்டதற்குக் காரணம் அவர்கள் குரல் பெரியது என்பது மட்டுமல்ல. கையில் எண்ணிக்கை இருந்தது. 6,400 என்று சொல்ல முடிந்ததால்தான் நிபந்தனை போட முடிந்தது. நம் ஊரில் எத்தனை மயில், எத்தனை கௌதாரி, குளத்துக்கு எந்த மாதம் என்ன வலசைப் பறவை வருகிறது, எந்த ஓடையில் எந்த மாதம் வரை தண்ணீர் ஓடுகிறது என்று எழுத்தில் யாரிடம் இருக்கிறது?

அதற்குச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது. 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வொரு உள்ளாட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும்; அது மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு தயாரிக்க வேண்டும். பல ஊர்களில் அந்தப் பதிவேடு பீரோவுக்குள் தூங்குகிறது. நம் நாட்டு விதையைப் பட்டியல் போடுகிற நாம், அதே பதிவேட்டில் ஓடையையும் பறவையையும் சேர்க்க எவ்வளவு நேரம் ஆகும்? ஜனவரியில் பொங்கலை ஒட்டித் தமிழ்நாடு முழுக்கப் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. தோட்டத்தில் நின்றுகொண்டே பதினைந்து நிமிஷம் எண்ணினால் போதும். ஊரில் படிக்கிற பிள்ளைகளுக்கு வண்ணப் படம் போட்ட ஒரு பறவைப் புத்தகம் வாங்கிக் கொடுத்தால் அவர்கள் எண்ணித் தருவார்கள். பெரியவர்களுக்குப் பறவையின் உள்ளூர்ப் பெயர் தெரியும். இரண்டையும் சேர்த்தால் பதிவேடு தயார்.

வரும் கிராம சபையில் உங்கள் ஊராட்சித் தலைவரிடம் கேளுங்கள்: "நம்ம ஊர்ப் பல்லுயிர்ப் பதிவேடு எங்கே இருக்குங்க? ஒரு தடவை பார்க்கலாமா?" காத்தாடி வந்த பிறகு எண்ண ஆரம்பித்தால், எத்தனை போச்சு என்று யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். வரும் முன்னால் எண்ணி வைத்திருப்பவர்களால்தான் பாதிக்குச் சம்மதம் என்றும், மீதிக்குக் கணக்கு என்றும் சொல்ல முடியும்.